பெட்ரோல் டாங்கில் ஒரு கோடு

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைச் செப்பனிட்ட கதையைச் சங்கத்தின் இதழில் எழுதுவானேன் என்று அன்பர்களில் சிலர் கேட்கக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே தயங்கினோம். ஆயினும், தங்கவயலை விட்டுப் பிழைப்புக்காக வெளியூர் வந்த குடும்பங்கள் பலவற்றில், பழைய வீட்டின் பின்புறத்தில் தகப்பனார் ஓட்டிய வண்டி ஒன்று சாக்குப் போர்த்தி நின்றுகொண்டிருப்பதை நாம் அறிவோம். அதை விற்கவும் மனம் வருவதில்லை; ஓட்டவும் நேரம் வாய்ப்பதில்லை. அத்தகைய வீட்டாருக்கு இக்கட்டுரை ஓரளவு பயன்படலாம். நாம் செய்த தவற்றை அவர்கள் செய்யாதிருந்தாலே எழுதிய பயன் கிட்டிவிடும்.

நம் பாட்டனார் வடார்க்காட்டுச் சீமையிலிருந்து மாரிகுப்பம் இரயிலில் வந்து இறங்கியவர். தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பணி புரிந்தவர். நிலத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்ற சுரங்கம் அது. பாறையின் வெப்பத்தில் எட்டு மணி நேரம் வெந்து, மேலே வந்து, ஷிப்டு முடிந்த சங்கு ஒலிக்கும்போது, குளிர்ந்த காற்று முகத்தில் மோத வண்டியோட்டி வீடு திரும்புவதுதான் தம் வாழ்வின் பெரிய சுகம் என்று அவர் சொல்வதுண்டு. அந்தச் சுகத்துக்காக அவர் 1981-ஆம் ஆண்டில் கடன் வாங்கி ஒரு யெஸ்டி மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

யெஸ்டி நம் மாநிலத்திலேயே செய்யப்பட்ட வண்டி. மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜாவா வண்டிகளைச் செய்துவந்தது. பின்னர் 1973 முதல் அவ்வண்டிகளுக்கே யெஸ்டி என்ற பெயர் வந்தது. இரண்டு புகைக்குழாய்களும், உதைத்துக் கிளப்பிய அதே மிதியைக் கீழே சாய்த்துக் கியர் மாற்றும் ஏற்பாடும் அதன் தனி அடையாளங்கள். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். தந்தையார் சம்பளத் தேதிதோறும் டாங்கை வாய்வரை நிரப்பி, தம் கையாலேயே எண்ணெயை அளந்து ஊற்றுவார். மூடியைத் திருகிவிட்டு, டாங்கின் மேல் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த நிறைந்த ஓசை இன்னும் நம் செவியில் இருக்கிறது.

மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. தங்கவயல் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளாக ஓடிய தொழில் ஒரு நாளில் நின்றது. அப்போது நாம் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். அதன்பின் நம்மவர் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பலாயினர். சில ஆண்டுகள் நாமும் அவ்வாறு சென்றோம். பிறகு பெங்களூரிலேயே குடியேறிவிட்டோம். தந்தையாருக்கு மூச்சு வாங்கும் நோய் முற்றியது. 2010-க்குப் பின் அவர் வண்டியைத் தொடவில்லை. "வாரம் ஒரு முறை வந்து ஓர் உதை உதைத்து வைத்துவிட்டுப் போ, அப்பா" என்று நம்மிடம் பலமுறை சொன்னார். நாமும் சரி என்றோம். செய்யவில்லை. அவர் 2012-இல் காலமானார்.

சென்ற பொங்கலுக்கு அன்னையாரைக் காணச் சென்றிருந்தோம். கல்லூரியில் படிக்கும் நம் மகள் பின்கட்டுக்குச் சென்று சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, தாத்தா வண்டியை ஓட்ட முடியுமா?" என்று கேட்டாள். மூடியைத் திறந்தோம். பெட்ரோல் மணம் இல்லை. பழைய வார்னிஷ் வாடை போல ஒன்று வீசியது. டார்ச்சு வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே செம்மண் பூசிய சுவர் போல ஒரே துரு. டாங்கைச் சாய்த்தபோது உள்ளே துருத்தூள் சலசலவென்று சரிந்தது.

பெங்களூரில் நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், "புது டாங்க் விலைக்குக் கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிடலாம், சார்" என்றார். அது தவறான யோசனை அன்று. உள்ளிருந்து துரு முற்றும் அரித்த டாங்கை வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடித்தல் கூடாது. கசியும் பெட்ரோல் சூடான இயந்திரத்தின்மேல் விழுந்தால் தீ. ஆனால் தந்தையார் தட்டிய டாங்க் அது. அதைப் பழைய இரும்புக் கடையில் போட நமக்கு மனம் ஒப்பவில்லை.

இங்கேதான் நாம் தவறு செய்தோம். அமிலம் துருவைத் தின்னும் என்பதைப் படித்தறிந்த நாம், கக்கூசு கழுவும் ஆசிட் ஒரு குப்பியை வாங்கி, நீர் கலக்காமல் டாங்கில் ஊற்றி, ஓர் இரவு அப்படியே ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டோம். காலையில் வந்து பார்த்தால் தரை நனைந்திருந்தது. டாங்கின் அடியில், இரண்டு தகடுகள் சேரும் விளிம்பின் அருகே, ஊசி முனையளவில் இரண்டு துளைகள். ஆசிட் சிந்திய இடத்தில் பக்கவாட்டின் குரோமிய மெருகும் மங்கிப் போயிருந்தது. நாற்பது ஆண்டுகள் நின்ற பொருளை ஒரே இரவில் கெடுத்துவிட்டோமே என்று நமக்குக் கை நடுங்கிற்று. மகள் ஒன்றும் பேசவில்லை. அன்னையார் மட்டும், "அடுத்த லைனில் மாமா இருக்கிறாரே, அவரிடம் காட்டக் கூடாதா?" என்றார்.

மாமா என்று நாம் அழைக்கும் அப்பெரியவர் உறவினர் அல்லர்; தந்தையாரின் நண்பர். சுரங்கத்தின் பட்டறையில் தம் காலத்தைக் கழித்தவர். எண்பதை நெருங்கும் வயதிலும் கண்ணும் கையும் தளரவில்லை. டாங்கை வாங்கி மோந்து பார்த்து, நிமிர்ந்து நம்மைப் பார்த்தார்.

"ஆசிட்டா ஊற்றினாய், தம்பி?"

"ஆமாம், மாமா."

"அது துருவையும் தின்னும், இரும்பையும் தின்னும். அதற்கு வேற்றுமை தெரியாது. ஆனால் ஒன்று. இந்தத் துளையை நீ புதிதாகப் போடவில்லை. முன்னமே அரித்துப்போன இடம் இது. துருவே துளையை அடைத்துக்கொண்டிருந்தது. நீ அடைப்பை எடுத்துவிட்டாய். இன்று தெரிந்தது நல்லது. ஓடும்போது தெரிந்திருந்தால்?"

அடியில் மட்டும் ஏன் துளை விழுந்தது என்று கேட்டோம். "பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம். பகல் வெயிலில் டாங்கின் காற்று விரிந்து வெளியே போகும். இரவுக் குளிரில் ஈரக் காற்று உள்ளே வரும். அந்த ஈரம் தகட்டில் வியர்த்து, வழிந்து, பெட்ரோலுக்கு அடியில் போய் உட்காரும். சுரங்கத்தில் வேலை செய்தவனுக்கு இது தெரியும். தண்ணீர் அடியைத்தான் தேடும். இராப்பகலாகப் பம்பு ஓடியவரை சுரங்கம் காய்ந்திருந்தது, பம்பு நின்றது, தண்ணீர் ஏறிவிட்டது" என்றார்.

பிறகு அவர் டார்ச்சு விளக்கை வாயருகே பிடித்து நெடுநேரம் உள்ளே பார்த்தார். நம்மையும் பார்க்கச் சொன்னார். ஆசிட் ஒரு மூலையில் மட்டுமே தங்கியிருந்ததால், ஏனைய இடம் பழையபடியே இருந்தது. மேற்பகுதி முழுவதும் பருத்த செந்துரு. ஆனால் அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில் ஒரு கோடு கிழித்தாற்போல அது நின்றுவிட்டது. கோட்டுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் எண்ணெய்ப் பசை படிந்து, தகடு பெரும்பாலும் வழவழப்பாகவே இருந்தது.

"பார்த்தாயா, தம்பி? பெட்ரோலும் எண்ணெயும் நின்ற இடத்தில் துரு அவ்வளவாக ஏறவில்லை. வெறுமையாக இருந்த இடத்தில்தான் ஏறியிருக்கிறது. கடைசிப் பத்து வருஷம் அவன் இந்தக் கோட்டுக்கு மேலே பெட்ரோல் ஊற்றவில்லை."

சம்பளத் தேதிதோறும் வாய்வரை நிரப்பியவர் அல்லரோ நம் தந்தையார் என்று எண்ணி, அன்னையாரைப் பார்த்தோம். அவர் புடைவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே, "சம்பளம் நின்ற பிறகு எங்கே நிறைப்பது? பாட்டிலில் ஒரு லிட்டர் வாங்கி வருவார். உனக்குப் பணம் கட்டவேண்டிய வருஷம் அல்லவா அது?" என்றார்.

நமக்கு ஒரு நாள் நினைவு வந்தது. 2001-ஆம் ஆண்டின் பிற்பகுதி. இராபர்ட்சன்பேட்டையில் நம் நண்பர்கள் நாலு பேர் பார்க்க, பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. தந்தையார் இறங்கித் தள்ளினார், நாமும் தள்ளினோம். தள்ளிக்கொண்டே, "ஏன் எப்போதும் பிச்சைக்காரத்தனமாக ஒரு லிட்டர் போடுகிறீர்கள்? நிறையப் போட்டால் என்ன?" என்று உரக்கக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு, "நாளைக்குப் போட்டுவிடலாம், அப்பா" என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சொல்லை நாம் மறந்திருந்தோம். டாங்க் மறக்கவில்லை.

அந்தக் கோட்டைக் கண்டபின் அதைக் கழுவ நமக்குத் துணிவு வரவில்லை. இப்படியே வீட்டில் எடுத்து வைத்துவிட்டு வேறு டாங்க் வாங்கலாம் என்றோம். பெரியவர் தலையசைத்து மறுத்தார். "துருவை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது, தம்பி. அவன் இதை ஓட்டத்தான் வாங்கினான்" என்றார். அதற்கு மேல் நாம் மறுமொழி சொல்லவில்லை.

இனி, வேலை நடந்த முறையைச் சொல்லுவோம். தாமே செய்ய விரும்பும் அன்பர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது எச்சரிக்கை: நிறைந்த டாங்கைவிட வெறும் டாங்கே அபாயமானது. உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து, சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். எனவே எல்லாம் திறந்த வெளியில் நடந்தன. பீடிக்கும் அடுப்புக்கும் அங்கே இடமில்லை. வடிந்த பழைய கசண்டைச் சாக்கடையில் விடாமல் தகர டப்பாவில் பிடித்து மூடி வைத்தோம். பெட்ரோல் காக்கைக் கழற்றி, அந்தத் துளையை ரப்பர் அடைப்பானால் மூடினோம். ஊசித் துளைகளுக்கு இரண்டு சிறு ஆப்புகள் தற்காலிகமாக வைத்தோம்.

இரண்டாவது, எண்ணெய்ப் பசை நீக்குதல். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் படிந்த இடத்தில் எந்தப் புளிப்பும் வேலை செய்யாது. கொதிக்கும் நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, குலுக்கிக் கொட்டினோம். நீர் தெளிவாக வரும்வரை நான்கு முறை செய்தோம். மீந்திருந்த ஆசிட்டின் கடுமையும் இதனால் அடங்கியது.

மூன்றாவது, உதிரும் துருவை உதிர்த்தல். சிறு நட்டுகளையும் போல்ட்டுகளையும் எண்ணிப் போட்டு, கொஞ்சம் நீர் விட்டு, டாங்கைக் கம்பளியில் சுற்றி, நாமும் மகளும் மாற்றி மாற்றிக் குலுக்கினோம். முப்பது போட்டோம், இருபத்தொன்பதுதான் வெளியே வந்தது! வண்டியின் முதுகுக் குழாய் செல்வதற்காக டாங்கின் நடுவே ஒரு மேடு உண்டு. அதற்கு அப்பால் ஒன்று ஒளிந்துகொண்டது. அரைமணி நேரம் டாங்கைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிய பின்னரே அது விழுந்தது. எண்ணிப் போடாதிருந்தால் அது உள்ளேயே கிடந்திருக்கும்.

நான்காவது, மிஞ்சிய துருவைக் கரைத்தல். அன்னையார் பித்தளைக் குடம் தேய்க்கும் பழக்கத்தில், "புளியைக் கரைத்து ஊற்றிப் பாரேன்" என்றார். நாம் நகைத்தோம். பெரியவர் நகைக்கவில்லை. "அண்ணி சொல்வது சரி. புளிப்புத்தான் மருந்து. ஆனால் புளியின் சக்கை மூலைகளில் அடைத்துக்கொள்ளும். எலுமிச்சை உப்பு வாங்கி வா" என்றார். மளிகைக் கடையில் கிடைக்கும் அந்தச் சிட்ரிக் அமிலத்தை, லிட்டருக்கு எண்பது கிராம் வீதம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, டாங்கை வாய்வரை நிரப்பினோம். அரைகுறையாக நிரப்பினால் மேற்பகுதித் துரு அப்படியே நிற்கும். ஆப்பின் வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்ததற்குத் தட்டு வைத்து, குறைந்ததை ஊற்றிக்கொண்டே இருந்தோம். இது இரும்பை மெதுவாகவே தொடும்; எனினும் நெடுநேரம் மறந்துவிடலாகாது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை பார்த்தோம். மறுநாட் காலையில் நீர் கறுத்திருந்தது. தகடு சாம்பல் நிறத்தில் தெளிந்திருந்தது. கோடு இல்லை.

உடனே நீரைக் கொட்டி, ஆப்பச் சோடா கரைத்த நீரால் ஒரு முறையும், வெறும் நீரால் இரு முறையும் அலசினோம். கழுவிய இரும்பு காற்றுப்பட்ட சில நிமிடங்களிலேயே மீண்டும் செம்மை பூசத் தொடங்கும். ஆதலால் இங்கே தாமதம் உதவாது. சைக்கிள் கடையில் காற்றடித்து, வெயிலில் காய வைத்து, எண்ணெய் விட்டு உட்புறம் முழுவதும் படும்படி உருட்டினோம்.

ஐந்தாவது, துளை அடைத்தல். இதை மட்டும் நாம் தொடவில்லை. தேர்ந்த கை வேண்டும். பெரியவர் டாங்கில் மீண்டும் சோடா நீரை ஏறக்குறைய நிறைய ஊற்றிக் கவிழ்த்து, துளையுள்ள இடம் மட்டும் மேலே நிற்கும்படி வைத்தார். உள்ளே ஆவி தங்க இடமில்லாதிருக்கவே இந்த நீர். தகட்டை உப்புத்தாளால் வெள்ளி போலத் தேய்த்தார். செம்புத் தலையுள்ள பற்றுக்கோலைத் தொலைவிலிருந்த கரியடுப்பில் காய்ச்சி எடுத்து வந்து, ஈயத்தை இழுத்துப் பூசினார். வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகலாமே என்று நாம் கேட்டதற்கு, "பெட்ரோல் குடித்த டாங்கின்மேல் நெருப்பைக் காட்டாதே" என்று மட்டும் சொன்னார். பின்பு நீர் நிரப்பி, செய்தித்தாளின்மேல் ஓர் இரவு வைத்தோம். காலையில் தாள் காய்ந்தே இருந்தது. மறுபடியும் காய வைத்து எண்ணெய் பூசினோம்.

கடைசியாக, புதிய பெட்ரோல் குழாய், புதிய வடிகட்டி, காக்குக்குப் புதிய வாஷர். கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவினோம். இக்காலப் பெட்ரோலைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டுப் பெட்ரோலில் 2025-இல் எத்தனால் கலப்பு இருபது சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது; பழைய ரப்பர்க் குழாய்களையும் இளகச் செய்யும். எனவே, மாதக்கணக்கில் நிற்கும் பழைய வண்டிக்கு முன்னைவிட இப்போது கவனம் அதிகம் தேவை. நிறுத்தினால் நிறைத்து நிறுத்துக. இல்லையேல் முற்றும் வடித்து, உலர்த்தி, எண்ணெய் பூசி வைக்க. அரைகுறைதான் பகை.

டாங்கை ஏற்றி, ஒரு லிட்டர் மட்டும் ஊற்றி, கசிவு இல்லை என்று கண்டபின் உதைத்தோம். பதினேழாவது உதையிலோ பதினெட்டாவதிலோ அது கிளம்பிற்று. நீலப் புகை லைன் முழுவதும் பரவியது. பக்கத்து வீட்டார் வெளியே வந்தனர். அன்னையார் வாசற்படியில் நின்று, சற்று நேரம் அந்த ஓசையைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்றார்.

மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குச் சென்றோம். "எவ்வளவு, சார்?" என்று பையன் கேட்டான். "நிறையப் போடப்பா" என்றோம். எண்ணெயை அளந்து ஊற்றி, மூடியைத் திருகி, டாங்கின்மேல் இரண்டு தட்டுத் தட்டினோம். ஏன் தட்டுகிறீர்கள் என்று மகள் கேட்டாள். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தோம்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு நாம் தங்கவயலுக்குப் போகிறோம். வண்டியைக் கிளப்பி மாரிகுப்பம்வரை சென்று திரும்புவது ஒரு சாக்கு. முன்பெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மகனைக் கண்ட அன்னையார், இப்போது சனிக்கிழமை இரவே தொலைபேசியில் கேட்கிறார்: "நாளைக்கு வண்டியை உதைக்க வருகிறாய் அல்லவா?"

வருகிறோம், அம்மா.